விற்பவன் கையில் தராசா?

கஞ்சா நன்றா தீதா என்னும் வழக்கை நாம் இங்கே பேச வரவில்லை. அதை வைத்தியர்கள் ஒருபுறமும் மதத் தலைவர்கள் மறுபுறமும் பேசட்டும். நாம் எடுத்துக்கொண்ட வழக்கு வேறு. ஓர் அரசாங்கம் ஒரு பண்டத்தை விற்கலாமெனச் சட்டம் இயற்றுகின்றது. அதன்மீது வரி விதிக்கின்றது. "பரிசோதிக்கப்பட்டது" என்ற முத்திரையைக் குத்தி மக்கள் கையிற் கொடுக்கின்றது. அந்த முத்திரை பொய்யாகுமாயின் குற்றவாளி யார்? விற்றவனா, சான்றிதழ் எழுதியவனா, இருவரையும் ஒரே மேசையில் அமர்த்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்ட அரசாங்கமா? இதுவே நம் வினா.

இவ்வினா இன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில், சிறப்பாகக் கலிபோர்ணியா மாநிலத்தில், மக்களின் மூச்சோடு சம்பந்தப்பட்ட வினாவாக நிற்கின்றது. மூச்சு என்று அணிக்காகச் சொல்லவில்லை. மருந்து தெளித்த கத்தரிக்காயைக் கழுவலாம், தோலைச் சீவலாம், வேகவைத்து உண்ணலாம். புகைக்கும் பண்டத்தைக் கழுவுவார் யார்? அதிலுள்ள நஞ்சு இரைப்பையையும் ஈரலையும் கடந்து வரும் வழியை நாடுவதில்லை. நேரே சுவாசப்பையை அடைந்து குருதியிற் கலக்கின்றது. 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, கஞ்சாத் தழையிலுள்ள பூச்சிநாசினியில் ஏறத்தாழ 70 சதவீதம் வரை புகையுடன் புகைப்பவனைச் சென்றடையக்கூடும் எனக் கண்டது. மைக்கிளோபியூட்டனில் என்று ஒரு பூஞ்சணநாசினி உண்டு. திராட்சைத் தோட்டங்களில் அதைத் தெளிக்க அனுமதி உண்டு. தீயிற் சூடேறினால் அதிலிருந்து ஐதரசன் சயனைட்டு என்னும் கொடிய வாயு பிறக்கும். திராட்சைப் பழத்தை எவரும் கொளுத்திப் புகைப்பதில்லை. கஞ்சாவையோ கொளுத்தியே புகைக்கின்றனர்.

இன்னும் கேளுங்கள். மண்ணிலுள்ள ஈயம், காட்மியம் போன்ற பார உலோகங்களை உறிஞ்சிக்கொள்ளும் இயல்பு கஞ்சாச் செடிக்கு உண்டு. ஈரம் தங்கிய தழையில் அஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சணம் வளரும். திடகாத்திரமானவனை அது எளிதில் வீழ்த்தாது. நோயெதிர்ப்புச் சக்தி குன்றியவனின் நெஞ்சில் புகுந்தால் உயிரையே குடிக்கும். புற்றுநோய்ச் சிகிச்சையால் வாந்தியும் வேதனையும் கொண்டு அந்த மாநிலங்களில் இப்பண்டத்தை நாடுவோர் பலர். ஆகவே, பரிசோதனை பொய்த்தால் முதலில் அடிபடுபவன் களியாட்டக்காரன் என்று எண்ணற்க. நோயாளியே முதலில் அடிபடுகின்றான்.

ஏட்டிலுள்ள சட்டம்

கலிபோர்ணியா மக்கள் 2016 நவம்பரில் வாக்களித்து 64ஆம் பிரேரணையை நிறைவேற்றினர். 2018 சனவரி 1ஆம் நாள் வளர்ந்தோருக்கான விற்பனை தொடங்கிற்று. பரிசோதனை விதிகள் அவ்வாண்டில் மூன்று கட்டமாக நடைமுறைக்கு வந்தன. அவ்விதிகளை ஏட்டில் வாசிக்கும் சட்டத்தரணி எவரும் மெச்சவே செய்வார். 66 பூச்சிநாசினிகளுக்குப் பரிசோதனை வேண்டும். அவற்றுள் 21 நஞ்சுகள் சிறிதளவு தென்பட்டாலும் பண்டம் தள்ளுபடி. எஞ்சிய 45க்கு எல்லை வகுக்கப்பட்டது. ஈயம், ஆசனிக்கு, காட்மியம், இரசம் என்னும் நான்கு உலோகங்களுக்கும் பரிசோதனை. அறுவடைத் தொகுதி ஒவ்வொன்றும் 50 இறாத்தலுக்கு மேற்படலாகாது. ஆய்வுகூடம் சர்வதேசத் தரச்சான்று பெற்றிருத்தல் வேண்டும். ஆய்வுகூடச் சொந்தக்காரர் வேறெந்தக் கஞ்சா வியாபாரத்திலும் பங்கு கொள்ளலாகாது.

இத்தனையும் எழுதிய பேனா ஒரே ஓர் இடத்திற் சறுக்கிற்று. ஆய்வுகூடத்தைத் தெரிவு செய்பவன் யார்? சரக்கை வைத்திருக்கும் விநியோகஸ்தன். கட்டணம் செலுத்துபவன் யார்? அவனே. முடிவு பிடிக்காவிடில் அடுத்த தொகுதியை வேறு கூடத்துக்குக் கொண்டுசெல்ல உரிமையுள்ளவன் யார்? அவனே. பங்குதாரனாகலாகாது என்று முன்வாசலை அடைத்த சட்டம், வாடிக்கைக்காரனாக வரலாம் என்று பின்வாசலைத் திறந்து வைத்தது. பூனைக்கு மணி கட்டிய பின்னர் பாற்சட்டியின் மூடியைப் பூனையிடமே ஒப்படைத்த கதை இது.

நடந்தது என்ன?

முதலாம் ஆண்டு முடியுமுன்னரே விளைவு தெரிந்தது. 2018 நவம்பரில் சாக்கிரமெந்தோ நகரின் ஆய்வுகூடமொன்று தன் உரிமத்தை ஒப்படைத்தது. ஆய்வுக் கருவி பழுதுற்றிருக்க, 66 பூச்சிநாசினிகளில் 22க்கான முடிவுகளை அதன் பணிப்பாளர் பொய்யாக நிரப்பி வந்தமை அம்பலமாயிற்று. கருவி பார்க்காததை ஒரு மனிதனின் பேனா பார்த்துவிட்டது! மாதக்கணக்கில் அச்சான்றிதழ்களுடன் சரக்கு கடைகளுக்குச் சென்றது.

ஒரு கூடத்தின் குற்றத்தைக் கொண்டு எல்லோரையும் பழிப்பது நியாயமன்று என்பர். ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் 2024 யூனில் லொஸ் ஏஞ்சலிஸ் ரைம்ஸ் பத்திரிகை வெளியிட்டது என்ன? அப்பத்திரிகையும் வீட்வீக் என்ற வெளியீடும் சட்டபூர்வமான கடைகளில் வாங்கிச் சோதிப்பித்த 42 பண்டங்களில் 25 பண்டங்கள், மாநில அரசு அனுமதித்த அளவையோ புகையிலைக்கென ஒன்றிய அரசு வகுத்த அளவையோ மீறிய பூச்சிநாசினியைக் கொண்டிருந்தன. நூற்றுக்கு அறுபது! இவை சந்துமுனையில் ஒளித்து விற்ற சரக்கல்ல. உரிமம் பெற்ற கடையில், வரி செலுத்தி, சான்றிதழுடன் வாங்கியவை. ஒரு பத்திரிகை தன் சொந்தப் பணத்தைச் செலவிட்டுக் கண்டதை, அத்துறைக்கெனவே 2021இல் ஒரு திணைக்களத்தை அமைத்த அரசாங்கம் முன்னதாகக் காணாதது ஏன்? அதன்பின்னர் பண்டங்கள் மீட்டெடுக்கப்பட்டன. நெருப்பு அணைந்த வீட்டுக்கு நீர் கொண்டுவந்த கதையாயிற்று.

மிச்சிகன் மாநிலத்தைப் பாருங்கள். 2021 நவம்பரில் அங்குள்ள அதிகாரிகள், ஒரே கம்பனியின் இரு ஆய்வுகூடங்களிற் சோதித்த பண்டங்களை மீட்டெடுக்க ஆணையிட்டனர். கம்பனி நீதிமன்றம் சென்றது; ஆணையின் ஒரு பகுதி நீக்கப்பட்டது. அவ்வழக்கின் நியாயத்துக்குள் நாம் புகவில்லை. ஒரு மாநிலச் சந்தையின் பெரும்பகுதி ஒரே கம்பனியின் சொல்லை நம்பி நின்றது என்பதே நாம் காட்ட விரும்புவது.

வாஷிங்டன் மாநிலமோ 2012இல் சட்டம் நிறைவேற்றி, 2014 யூலையில் கடை திறந்தது. சந்தைக்கு வரும் கஞ்சா முழுவதுக்கும் பூச்சிநாசினிப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது 2022இலேதான். 2023இல் ஒக்கனோகன் பகுதியில், முன்னாளிற் பழத்தோட்டமாயிருந்த நிலத்தில் விளைந்த கஞ்சாவில் டீ.டீ.ரீ. சிதைவதால் உண்டாகும் டீ.டீ.ஈ. என்னும் நஞ்சு காணப்பட்டது. டீ.டீ.ரீ.யை அமெரிக்கா தடைசெய்தது 1972இல். தாத்தா தெளித்த நஞ்சைப் பேரன் புகைத்தான். மண் மறக்கவில்லை, சட்டம் மறந்துவிட்டது.

நோயின் வேர்

இவற்றையெல்லாம் சில தீயவர்களின் தனிக்குற்றம் என்று தள்ளுவோர் நோயின் வேரைக் காணாதவர். ஒரு நகரத்திற் பத்து ஆய்வுகூடங்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது கூடங்கள் நேர்மையாகச் சோதிக்கின்றன. தவறான தொகுதிகளைத் தள்ளுகின்றன. பத்தாவது கூடம் எல்லாவற்றையும் தேறவிடுகின்றது. வியாபாரி எதனை நாடுவான்? பத்தாவது கூடத்தின் வாசலில் வண்டிகள் வரிசையாய் நிற்கும். ஒன்பதில் இரண்டு மூடப்படும். மூன்று தம் விதியைச் சற்றே தளர்த்தும். நேர்மையாளன் பட்டினி கிடப்பான், பொய்யன் கொழுப்பான். அங்கே நேர்மை ஒரு நட்டக்கணக்காகின்றது. தனிமனிதரின் ஒழுக்கத்தை மட்டும் நம்பி அமைக்கப்பட்ட சட்டம் சட்டமன்று, பிரார்த்தனை.

நஞ்சு விடயத்திற்போலவே வலு விடயத்திலும் இக்கேடு புகுந்தது. கஞ்சாவின் போதைச் சத்தான ரீ.எச்.சீ. எத்தனை சதவீதம் என்று எழுதுகின்றார்களோ அத்தனைக்கு விலை உயரும். ஆகவே கூடிய எண்ணை எழுதித் தரும் கூடத்துக்கே வாடிக்கை. 2023இல் வெளியான கொலராடோ ஆய்வொன்று, பத்துக் கடைகளில் வாங்கிய 23 மாதிரிகளைச் சோதித்தது. அவற்றுள் ஏறத்தாழ 70 சதவீதமானவற்றில், முகப்புச் சீட்டிலிருந்த எண்ணைவிட உள்ளிருந்த சத்து 15 சதவீதத்துக்கும் மேலாகக் குறைந்திருந்தது. இது நிறையில் மோசடி செய்யும் கடைக்காரனின் தராசன்றி வேறென்ன? வித்தியாசம் ஒன்றே. இங்கே தராசுக்கு அரசாங்க முத்திரை இருக்கின்றது.

தன் வழக்கிற்குத் தானே நீதிபதியாகலாகாது என்பது சட்டம் பயிலும் மாணவன் முதலாண்டிற் கற்கும் விதி. நீதிபதிக்குக் கட்சிக்காரன் ஒருவன் சம்பளம் கொடுத்தால், அந்நீதிபதி எத்துணை நேர்மையாளனாயினும் அத்தீர்ப்பை எந்த மேல்நீதிமன்றமும் நிற்கவிடாது. கட்சிக்காரனின் பணத்தில் வாழும் நீதிபதி நீதிமன்றத்துக்கு ஆகாதெனில், வியாபாரியின் பணத்தில் வாழும் பரிசோதகன் மக்களின் உயிருக்கு எவ்வாறு ஆகும்?

பழைய பாடம்

இதற்கு மருந்து புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே கண்டாயிற்று. 1851 முதல் 1854 வரை ஆதர் ஹில் ஹசல் என்னும் வைத்தியர், லண்டன் கடைகளில் விற்ற உணவுகளிலிருந்த கலப்படங்களைச் சோதித்து லான்செற் சஞ்சிகையில் வெளியிட்டார். வியாபாரிகளின் பெயர்களையும் வெளியிட்டார். நாடு அதிர்ந்தது, சட்டம் உடனே வரவில்லை. 1858இல் பிராட்போட் நகரில் இனிப்புப் பண்டத்தில் ஆசனிக்கு தவறுதலாகக் கலந்து, ஏறத்தாழ இருபது பேர் மாண்டனர். இருநூறுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். பிணங்கள் வரிசையான பின்னரே 1860இல் சட்டம் வந்தது.

அச்சட்டம் பகுப்பாய்வாளரை "நியமிக்கலாம்" என்றது. "நியமிக்கலாம்" என்ற சொல்லை நம்பிய மக்கள் ஏமாந்தனர். உள்ளூராட்சிச் சபைகள் பல நியமிக்கவேயில்லை. பின்வந்த 1872, 1875ஆம் ஆண்டுச் சட்டங்களே அதனை இறுக்கின. 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின் அழகைப் பாருங்கள். பகுப்பாய்வாளர் பொது அதிகாரியால் நியமிக்கப்படுவார். அவ்விடத்து உணவு, மருந்து வியாபாரத்திற் சம்பந்தப்பட்டவரை நியமிக்கலாகாது. மாதிரி கடையிலிருந்தே வாங்கப்படும், மூன்று பங்காக்கப்படும். ஒன்று வியாபாரிக்கு, ஒன்று பகுப்பாய்வாளருக்கு, ஒன்று முத்திரையிட்டுக் காப்பிலே. சர்ச்சை எழுந்தால் காப்பிலிருப்பது சோமர்செற் மாளிகையிலிருந்த அரசாங்க ஆய்வுகூடத்துக்குச் செல்லும். வியாபாரிக்கும் நீதி, வாங்குபவனுக்கும் நீதி.

அந்த வழிமுறையின் வழித்தோன்றலே நம் நாட்டின் முறை. தேநீர்க்கடைப் பாலில் கலப்படம் என்று ஐயம் எழுந்தால் மாதிரி எடுப்பவர் யார்? பொதுச் சுகாதாரப் பரிசோதகர். கடைக்காரன் தானே ஓர் ஆய்வுகூடத்தைப் பிடித்து, காசு கொடுத்து, "என் பால் நல்ல பால்" என்று சீட்டு வாங்கி வந்தால் நீதவான் அதை ஏற்பாரா? சிரிப்பார். ஒரு கோப்பைப் பாலுக்கு நாம் ஏற்காத முறையை, உலகின் செல்வம் மிக்க மாநிலம் நெஞ்சுக்குள் இழுக்கும் புகைக்கு ஏற்றுக்கொண்டிருக்கின்றது.

மூன்று சாக்குகள்

முதலாவது சாக்கு: ஒன்றிய அரசு ஒத்துழைக்கவில்லை. 1970ஆம் ஆண்டுச் சட்டம் கஞ்சாவை முதலாம் அட்டவணையில் வைத்தமையால், சூழற் பாதுகாப்பு முகவரகம் அதற்கென நஞ்செல்லைகளை வகுக்காதிருந்தது. மாநிலங்கள் தனித்தனியே தடுமாறின என்பர். இதில் உண்மையுண்டு. 2016இல் ஓரிகன் 59 பூச்சிநாசினிகளைப் பட்டியலிட்டது. கலிபோர்ணியா 66ஐப் பட்டியலிட்டது. கலிபோர்ணியா 2018 இறுதியிற் கொண்டுவந்த பார உலோகப் பரிசோதனையை ஓரிகன் 2023 மார்ச்சிலேதான் கொண்டுவந்தது. மாநில எல்லையைத் தாண்டினால் ஈயம் ஈயமல்லாது போகுமா? வாஷிங்டன் நகரத்து வாதப்பிரதிவாதம் முடியும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருங்கள் என்று நோயாளியிடம் சொல்ல முடியுமா? ஒன்றிய அரசு வராதவிடத்து விற்பனைக்கு அனுமதி கொடுக்கத் தெரிந்த மாநிலத்துக்கு, ஒன்றிய அரசு வராதவிடத்து மாதிரி எடுக்கவும் தெரிந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது சாக்கு: பரிசோதனைச் செலவு கூடினால் நேர்மையான வியாபாரி கள்ளச்சந்தையோடு போட்டியிட முடியாது. கள்ளச்சந்தையின் கொடுமையை நாம் அறிவோம். 2019இல் ஆவிக்குழாய் புகைத்தோர் நாடெங்கும் சுவாசப்பை நோயுற்று வீழ்ந்தனர். 2020 பெப்ரவரி 18 வரை வைத்தியசாலை சேர்ந்தோர் 2,807 பேர். உறுதிசெய்யப்பட்ட மரணங்கள் 68. கள்ளக் குழாய்களில் எண்ணெயைத் தடிப்பாக்கக் கலந்த விற்றமின் ஈ அசெற்றேற்று, சோதிக்கப்பட்ட 51 நோயாளரில் 48 பேரின் சுவாசப்பை நீரிற் காணப்பட்டது. இதிலிருந்து பெறும் பாடம் யாது? சட்டச் சந்தைக்கும் கள்ளச் சந்தைக்கும் இடையிலுள்ள ஒரே மதில் பரிசோதனை. மதிலை மெலியச் செய்துவிட்டு, வீட்டைக் காப்பாற்றினோம் என்பவன் அறிவுடையவனா? வாங்குபவன் கூடுதல் விலை கொடுப்பது அந்த முத்திரைக்காகவே. முத்திரை பொய்யெனில் அவனிடம் வாங்கிய கூடுதல் காசு மோசடிப் பணம்.

செலவு என்று முறையிடும் அரசாங்கம் வாங்கும் வரியைக் கூறுவதில்லை. கலிபோர்ணியா இப்பண்டத்தின்மீது 15 சதவீதத் தீர்வை விதித்தது. 2025 யூலையில் 19 சதவீதமாக உயர்த்தி, ஒக்டோபரில் மீண்டும் 15 ஆக்கிற்று. 2018 முதல் திரட்டியது பல நூறு கோடி டொலர். அவ்வரியை எடுத்த கை, மாதிரியை எடுக்க ஏன் நடுங்குகின்றது?

மூன்றாவது சாக்கை வெளிப்படையாகச் சொல்வார் சிலர். மனத்தில் வைத்திருப்பார் பலர். "கஞ்சா குடிப்பவன்தானே, நஞ்சைக் குடித்தால் என்ன?" என்பதே அது. சட்டம் காப்பாற்றும் மனிதரை ஒழுக்கத் தராசில் நிறுத்துத் தெரிவு செய்வதில்லை. சாராயத்தில் மெதனோல் கலந்தவனைத் தண்டிக்கும்போது, குடித்தவன் உத்தமனா என்று நீதவான் வினவுவதில்லை. ஒரு பண்டம் வேண்டாமெனில் அதைத் தடைசெய்க. வேண்டுமெனில் அதைத் தூய்மையாக்குக. அனுமதியும் கொடுத்து, வரியும் வாங்கி, வாங்குபவனை இழிந்தவனென்று கைவிடுவது அரசியலன்று, சூதாட்டம்.

என்ன செய்தல் வேண்டும்?

நாம் கேட்பவை நான்கு.

ஒன்று: மாதிரி எடுப்பவர் அரசாங்க உத்தியோகத்தராதல் வேண்டும். விநியோகஸ்தனின் களஞ்சியத்தில் எடுப்பது போதாது. அறிவித்தலின்றிக் கடைத்தட்டிலிருந்து எடுத்தல் வேண்டும். மக்கள் வாங்குவது கடைத்தட்டிலுள்ளதையே.

இரண்டு: பரிசோதனைக் கட்டணத்தை வியாபாரியே செலுத்தட்டும், ஆனால் ஆய்வுகூடத்துக்கு அன்று, பொது நிதிக்குச் செலுத்தட்டும். எத்தொகுதி எக்கூடத்துக்கு என்பதை அரசாங்கம் சீட்டுக்குலுக்கித் தீர்மானிக்கட்டும். கூடத்தை மாற்றும் உரிமை வியாபாரிக்கு இல்லையெனில், கூடத்துக்கு அவனைத் திருப்திப்படுத்தும் தேவையும் இல்லை. இந்த ஒரு மாற்றமே பாதி நோயைத் தீர்க்கும்.

மூன்று: ஒவ்வொரு மாதிரியின் ஒரு பங்கையும் காப்பிலே வைத்தல் வேண்டும். கலிபோர்ணியா தனக்கெனவும் ஓர் ஆய்வுகூடத்தை அமைத்துள்ளது. சந்தைச் சான்றிதழ்களை எழுமாறாக எடுத்து மறுபரிசோதனை செய்து, எந்தக் கூடத்தின் எண் எத்துணை பிழைத்தது என்பதை மாதந்தோறும் பெயருடன் வெளியிடுவதே அதன் தலையாய பணியாதல் வேண்டும்.

நான்கு: பொய்ச் சான்றிதழ் எழுதியவனை உரிமம் இழந்தவனாக மட்டும் வீட்டுக்கு அனுப்பலாகாது. பொய்ச்சாட்சி சொன்னவனைப் போலக் கூண்டில் நிறுத்துதல் வேண்டும். உள்ளிருந்து உண்மையைச் சொல்லும் தொழிலாளிக்கு வேலைப் பாதுகாப்பு வேண்டும். நஞ்சை முதலில் அறிபவன் கருவியருகே நிற்கும் தொழிலாளியே.

நமக்கென்ன?

"கலிபோர்ணியாக் கஞ்சாவுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று வாசகர் வினவலாம். சம்பந்தம் வந்துவிட்டது. 1929ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்கீழ் கஞ்சா வைத்திருந்த ஏழையைச் சிறைக்கு அனுப்பிவரும் இதே நாட்டில், ஏற்றுமதிக்கென மட்டும் அதைப் பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளருக்கு வழிதிறக்க 2025இல் அரசாங்கம் முன்வந்தது. டொலர் வரும் என்கின்றனர். வரட்டும். நாம் கேட்பது வேறு. இங்கிருந்து செல்லும் பொட்டலத்தை அந்நிய நாட்டுத் துறைமுகம் சோதிக்கும், நஞ்சிருந்தால் திருப்பியனுப்பும். திருப்பியனுப்பியது எங்கே செல்லும்? அதைப் பயிரிடும் மண்ணை யார் சோதிப்பார்? மருந்து தெளிக்கும் கூலியாளின் குருதியை யார் சோதிப்பார்? அயற்கிணற்று நீரை யார் சோதிப்பார்? முதலீட்டாளன் தானே தெரிந்தெடுத்த கூடத்தின் சீட்டைக் காட்டினால் நம் அதிகாரிகள் தலையசைத்துக் கையொப்பமிடுவார்களா? இக்கேள்விகளுக்கு விடை உடன்படிக்கையில் மை காயுமுன்னரே எழுதப்படல் வேண்டும். காய்ந்த பின்னர் எழுதும் விடைக்கு இழப்பீட்டு வழக்கு என்று பெயர்.

பரிசோதனை என்பது வியாபாரியின் பொருளுக்குப் பூசும் வர்ணமன்று. அது குடிகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் சத்தியவாக்கு. அதைக் குத்தகைக்கு விட்ட அரசாங்கம் தன் கடமையையும் குத்தகைக்கு விட்டதாகும். தராசு மக்களுடையது. விற்பவன் கையிலிருந்து அதைப் பறித்தெடுக்குமாறு ஆள்வோரை நெருக்குவது மக்களின் கடன்.